பதினாலு புள்ளி ரெண்டு

காவேரிப்பட்டணம் சாலையில்
மாம்பழக்கூழ் ஆலையின் ஆய்வறையில்
என் நாக்குக்குச் சம்பளம்.

மணிக்கொரு கரண்டி.
வாயில் உருட்டித் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது.
பிறகு கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து
கருவியை ஜன்னல் பக்கம் தூக்கினால்
பதினாலு புள்ளி ரெண்டு.
வெளிச்சம் எவ்வளவு வளைகிறது என்ற கணக்கு அது.
இனிப்பு எங்கே என்று கேட்டால்
வாய்க்குள்.
என் வாய்க்குள்.

மாதம்மாளும் ருசி பார்க்கிறாள், அடுத்த ஷிப்டில்.
"நல்லா இனிப்பா இருக்குது."
இனிப்பென்றால் எப்படி என்றேன்.
"இனிப்புன்னா இனிப்புதான், வேறென்னா?"
நான் கொடுத்த நோட்டையே
சில்லறை இல்லையென்று திருப்பித் தருகிற
கடைக்காரியைப்போல.

அவளுக்கு உள்ளே புளிக்கலாம்,
அதற்கு இனிப்பென்று பேர் வைத்திருக்கலாம்.
உள்ளே ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம்:
வலைத்தொப்பி, இரண்டு கண்,
நம் பக்கத்துத் தண்ணீர் பல்லில் விட்ட பழுப்புக் கோடு,
அதற்குப் பின்னால் ஆளில்லை.

ஜூன் கடைசியில் பிடித்தது இந்த எண்ணம்,
ராத்திரி ஷிப்டில், இரண்டரை மணிக்கு.
சையத் பாஷா மலை
இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு.
விடிந்ததும் மலை இருந்தது
நான் எட்டிப்பார்க்கப் போகிறேன் என்று தெரிந்து
யாரோ அவசரமாகக் கொண்டுவந்து வைத்ததுபோல,
ஒரு பக்கம் ஈரம் காயாமல்.

பெங்களூரா காய் போச்சம்பள்ளியிலிருந்து வருகிறது
என்று லாரிச் சீட்டு சொல்கிறது.
போச்சம்பள்ளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன்.
போனபோது இருந்தது.
பீப்பாய்களின் மேல் தகடு வைத்து
நீல மையில் அடிக்கிறோம்: ராட்டர்டாம்.
ஆறெழுத்து.
கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பும்வரை
லாரி லாரியாக இருக்கிறது.
அப்புறம் ஒரு சத்தம்.
அப்புறம் அதுவும் இல்லை.

சூப்பர்வைசர் திம்மராஜிடம் சொன்னேன்.
"அப்ப உனக்குச் சம்பளம் யாரு போடறாங்க?" என்று சிரித்தார்.
நல்ல கேள்விதான்.
ஆனால் சம்பளமும்
என் போனில் வருகிற ஒரு வரி.

பிப்ரவரியில் நாலு பீப்பாய் திரும்பி வந்தன.
சீசனில்லாத மாதம், ஆலையில் ஏழெட்டுப் பேர்.
நீல எழுத்து பாதி அழிந்து
மூடியில் வேறு பாஷையில் ஒரு ஸ்டிக்கர்.
கூட வந்த கடிதத்தைத் திம்மராஜ் படித்துச் சொன்னார்:
இனிப்பு சரி, நிறம் சரி,
விழுங்கியபின் தொண்டையில் லேசாகப் புகை வாடை.

விழுங்கியபின்.

பத்து வருஷத்தில் முதல்தடவையாக விழுங்கினேன்.
இனிப்பு.
இன்னொரு கரண்டி. கண்ணை மூடி, மூச்சை விட்டு.
இனிப்பு.
கருவி சொன்னது பதினாலு புள்ளி ரெண்டு.

மாதம்மாளைக் கூப்பிட்டேன்.
கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.
விழுங்கிவிட்டுச் சும்மா நின்றாள்.
புருவம் மெல்லச் சுருங்கியது.
"அடிப்பிடிச்ச பால் மாதிரி
என்னாவோ ஒண்ணு வருதே, கடைசியில?"

மலையை நான் செய்திருக்கலாம்.
போச்சம்பள்ளியை, கல்யாணத்தை, பந்தியில் தீர்ந்துபோன ரசத்தை,
ஆறெழுத்து ஊரைக்கூட.
இந்தப் புகையைச் செய்ய
என்னிடம் சாமான் இல்லை.

இருவரும் பொய் சொல்லலாம்தான்,
கடலுக்கு அந்தப்பக்கம் ஒருத்தர்,
இந்த மேசைக்கு அந்தப்பக்கம் ஒருத்தி,
பேசி வைத்துக்கொண்டு.
அதற்கும் இருவர் வேண்டியிருக்கிறது.

"என்னா அப்டி பாக்கற?" என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன்.
இரண்டுமுறை வாய் கொப்பளித்தாள். போகவில்லையாம்.
ஐந்தரை பஸ்ஸில் ஏறினாள்,
தொண்டையில் அதை வைத்துக்கொண்டு
வேப்பனப்பள்ளிக்கு.

நான் அங்கே போனதில்லை.